பேன் சீவ ஒரு தேதி

ஆண்டுதோறும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களையொட்டிப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளுக்குக் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கிறார்கள். 2015இல் தொடங்கிய திட்டம் இது. ஒரு வயதிலிருந்து 19 வயது வரை எல்லாருக்கும் அல்பெண்டசோல். யார் வயிற்றில் புழு இருக்கிறது, யார் வீட்டில் கழிப்பறை இல்லை, யார் செருப்பில்லாமல் நடக்கிறார் என்று அன்றைக்கு எவரும் விசாரிப்பதில்லை. வரிசையில் வந்து மாத்திரையைச் சப்பிவிட்டுப் போகிறார்கள். வராதவர்களுக்கு அடுத்த வாரம் இன்னொரு நாள் உண்டு. அதே வகுப்பறையில் ஒரு சிறுமி தலையைச் சொறிந்தால் நடப்பதே வேறு. பக்கத்திலிருப்பவள் நகர்ந்து உட்காருகிறாள். ஆசிரியை கடைசி பெஞ்சைக் காட்டுகிறார், அல்லது தலையைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால் போதும் என்று வீட்டுக்கு அனுப்புகிறார். வீட்டில் அம்மாவுக்கு அது அவமானம். இரண்டுமே ஒட்டுண்ணிகள்தாம், இரண்டுமே பிள்ளைகள் கூடுமிடத்தில் பரவுபவைதாம். ஆனால் குடற்புழுவை ஊர்ப் பிரச்சினையாகவும் பேனை ஒரு தாயின் குற்றமாகவும் பார்க்கப் பழகிவிட்டோம். பேன் ஒழியாமல் இருப்பதற்கு மருந்துக் குறையைவிட இந்தப் பார்வைதான் பெரிய காரணம். ஒரு தலையில் மட்டும் பேனை ஒழிக்க முடியாது. ஒரு வகுப்பில், ஒரு வீட்டில், ஒரு விடுதியில் இருக்கும் எல்லாத் தலைகளிலும் ஒரே நாள்களில் வேலை நடந்தால்தான் அது ஒழியும். அதற்கு முதலில் வேண்டியது ஒரு தேதி.

பேனின் வாழ்க்கைக் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். வளர்ந்த பேன் 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம். ஆறு கால்களின் நுனியிலும் முடியைப் பற்றிக்கொள்ள வளைந்த கொக்கி. இறக்கை கிடையாது, தாவவும் தெரியாது. முடியோடு முடி உரசும்போது நடந்துதான் அடுத்த தலைக்குப் போகிறது. மனித ரத்தத்தைத் தவிர வேறு உணவில்லை. தலையை விட்டு இறங்கினால் ஓரிரு நாளில் செத்துவிடும். ஒரு பெண் பேன் ஏறக்குறைய ஒரு மாதம் உயிர்வாழ்ந்து, நாளொன்றுக்கு எட்டுப் பத்து முட்டைகள் வரை இடுகிறது. அந்த முட்டைதான் ஈர். மண்டைத் தோலை ஒட்டி, முடியின் அடியில், தண்ணீரும் ஷாம்பூவும் கரைக்க முடியாத ஒரு பசையால் அதை ஒட்டிவைக்கிறது. ஏழெட்டு நாளிலிருந்து பத்து நாளுக்குள் ஈர் பொரிகிறது. வெளிவரும் குஞ்சு இன்னும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாளில் முட்டையிடும் பேனாகிறது. ஆக, ஒரு தலைமுறைக்கு மூன்று வாரம். இந்த மூன்று வாரத்துக்குள் வகுப்பிலுள்ள முப்பது பேரில் இருபத்தொன்பது வீடுகளில் ஒழுங்காகச் சீவிவிட்டு, ஒரு வீட்டில் விட்டுவிட்டால், நாலாவது வாரம் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இந்த மாதம் ஒரு வீடு, அடுத்த மாதம் இன்னொரு வீடு என்று ஆளுக்கொரு காலத்தில் பாடுபடும்போது எல்லாருடைய உழைப்பும் வீணாகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று கடைக்காரரிடம் குறைப்படுபவர்களில் பலருக்கு, மருந்து வேலை செய்த பிறகு பேன் மறுபடி வந்திருக்கிறது. வாங்கியவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரிய வழியில்லை.

அழுக்குத் தலையில்தான் பேன் பிடிக்கும் என்ற நம்பிக்கையை இனியாவது கைவிட வேண்டும். பேனுக்கு வேண்டியவை ரத்தமும், பற்றிக்கொள்ளத் தலைமுடியும். நேற்றுக் குளித்த தலையும் பத்து நாள் குளிக்காத தலையும் அதற்கு ஒன்றுதான். இந்தக் கெட்ட பெயர் தலைப்பேனுக்கு அதன் உறவுக்காரனால் வந்தது. உடைகளின் தையலில் வாழும் உடற்பேன் உண்மையிலேயே ஆபத்தானது. துவைக்காத உடையை நாள்கணக்கில் உடுத்த நேரும் சிறை, போர்க்களம், அகதி முகாம் போன்ற இடங்களில் பெருகுவது. டைபஸ் காய்ச்சலை அது பரப்புகிறது என்பதை 1909இல் துனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் நிறுவினார். அதற்காக 1928இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943-44 குளிர்காலத்தில், நேப்பிள்ஸ் நகரில் டைபஸ் பரவியபோது மக்களின் உடைகளுக்குள் டி.டி.டி. பொடியைத் தூவி அதை அடக்கினார்கள். தலைப்பேன் அப்படி நோய் எதையும் பரப்புவதாகத் தெரியவில்லை. ஆனாலும் பள்ளிப் பிள்ளையின் பின்னலில் ஊரும் பேன் போர்முகாமின் அவப்பெயரைச் சுமக்கிறது. ஆஸ்திரேலியாவில் ரிக் ஸ்பியர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 118 வகுப்பறைகளைச் சோதித்தார்கள். 2,230 பிள்ளைகளின் தலைகளில் 14,033 பேன்கள் கிடைத்தன. அந்த அறைகளின் தரையில் ஒன்றுகூட இல்லை. பிள்ளையின் பையை வெயிலில் காயவைப்பதும், வீடு முழுக்கப் பூச்சிமருந்து அடிப்பதும், மெத்தையைத் தூக்கி எறிவதும் எவ்வளவு வீண் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தலையணை உறையையும் துண்டையும் வெந்நீரில் துவைத்தால் போதும். மிச்சமிருக்கும் நேரமெல்லாம் தலைக்குத்தான் போக வேண்டும்.

ஈர் தெரிந்தாலே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் நம் ஊரில் மட்டும் இருப்பதல்ல. ஒற்றை ஈர் இருந்தாலும் உள்ளே வரக்கூடாது என்று அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் எழுதப்பட்ட விதியே இருந்தது. அந்த விதியால் என்ன பயன் என்று அட்லாண்டா நகரப் பகுதியில் பார்த்தார்கள். 2001இல் வெளியான அந்த ஆய்வில் 1,729 பிள்ளைகளின் தலைகளைச் சோதித்ததில் 28 பேரிடம் உயிருள்ள பேன் இருந்தது. 63 பேரிடம் வெறும் ஈர் மட்டும். ஈர் மட்டும் இருந்த பிள்ளைகளில் 50 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது ஒன்பது பேருக்குத்தான் பிறகு பேன் வந்தது. ஐந்தில் நான்கு பேர் காரணமில்லாமலே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள் என்று அர்த்தம். இதன் காரணம் எளிது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஈரோ பத்து நாளுக்குள் பொரிந்துவிடுகிறது. தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேலே வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும் ஈர், குஞ்சு எப்போதோ போய்விட்ட வெறும் கூடு. கண்ணுக்குச் சட்டென்று படுவது அதுதான், ஆபத்தில்லாததும் அதுதான். உயிருள்ள ஈர் மண்டையை ஒட்டி, முடியின் நிறத்தோடு கலந்து பதுங்கியிருக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பல ஆண்டுகளாகவே, பேனுக்காக எந்தப் பிள்ளையையும் வகுப்பிலிருந்து விலக்க வேண்டாம் என்று சொல்லி வருகிறது. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறையும் அதையே சொல்கிறது. பேன் கண்ணில் படும்போது அந்தப் பிள்ளையின் தலையில் அது குடியேறிப் பெரும்பாலும் ஒரு மாதமாவது ஆகியிருக்கும். ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை இன்று மதியம் வெளியே அனுப்பி யாரைக் காப்பாற்றுகிறோம்?

மருந்தின் கதைக்கு வருவோம். பிரிட்டனில் நடந்த இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டு வேல்ஸ் பகுதிப் பிள்ளைகளிடம், மாலத்தியான் மருந்தையும், ஈரத்தலையில் கண்டிஷனர் தடவிப் பேன் சீப்பால் வாரும் முறையையும் ஒப்பிட்டார்கள். மருந்து 78 சதவீதம் பேருக்குப் பலித்தது. சீப்பு 38 சதவீதம் பேருக்குத்தான். சீப்பை ஆதரிப்பவர்களுக்கு இது நல்ல அடி. ஐந்தே ஆண்டில், 2005இல், கடைகளில் கிடைக்கும் மருந்துகளோடு சற்றே திருத்திய சீப்பு முறையை மற்றொரு குழு ஒப்பிட்டது. இந்த முறை சீப்புக்கு 57 சதவீதம் வெற்றி, மருந்துகளுக்கு 13 சதவீதம். இரண்டில் ஏதோ ஒன்று பொய் என்று முடிவுகட்டத் தேவையில்லை. ஆய்வுகள் சிறியவை, மருந்துகளும் சீப்புகளும் ஒன்றல்ல, மருந்தைப் போட்ட விதமும் வேறு. என்றாலும் ஒரு செய்தி இவற்றில் இருக்கிறது: மருந்தின் பலன் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும், ஏனென்றால் பேன் மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. நம் கடைகளிலும் கிடைக்கும் பெர்மெத்ரின் பேனின் நரம்பிலுள்ள சோடியம் வழித்தடங்களைத் தாக்குவது. அந்த வழித்தடங்களை மாற்றிக்கொண்ட பேன்களே இன்று அமெரிக்காவில் ஏறக்குறைய முழுவதும் இருக்கின்றன. 48 மாநிலங்களில் எடுத்த மாதிரிகளில் எதிர்ப்பு மரபணுவின் சராசரி அளவு 98 சதவீதம். அதனால் பெர்மெத்ரினைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. ஈரை அது முழுதாகக் கொல்வதில்லை என்பதால் ஒன்பது நாள் கழித்து இரண்டாவது முறை போட வேண்டும். எண்ணெயோ கண்டிஷனரோ படிந்த முடியில் அது சரியாகப் பிடிக்காது. பத்து நிமிடம் வைத்திருந்து அலச வேண்டும். தலையில் எண்ணெயோடு பிள்ளையை உட்காரவைத்து, ஒரு முறை தடவிவிட்டு, இரண்டாவது முறையை மறந்துவிட்டால், பேனுக்குப் பழகிக்கொள்ள ஒரு வாய்ப்பைத்தான் கொடுத்திருப்போம். ஒரே அலசலில் பேன் போய்விடும் என்று சொல்லும் விளம்பரங்கள் இந்த இரண்டாவது முறையைப் பற்றி வாய் திறப்பதேயில்லை.

அவமானம் வேறொரு வகையிலும் தீங்கு செய்கிறது. எப்படியாவது இன்றே போக வேண்டும் என்ற அவசரத்தில் மனிதர்கள் தலையில் தடவுபவற்றைப் பார்த்தால் பேனே மேல் என்று தோன்றும். மண்ணெண்ணெய் தடவுவது இன்னும் ஒழியவில்லை. அடுப்பருகே உட்கார்ந்தால் தீப்பிடிக்கும் என்பது போக, தோலும் வெந்துபோகும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைத் தடவி, அது தோல் வழியே உடலுக்குள் போய் நினைவிழந்த பிள்ளைகளை மருத்துவமனைகள் கண்டிருக்கின்றன. கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சித் தடவுவதைத் தீங்கில்லாத பாட்டி வைத்தியம் என்று நினைக்கிறார்கள். சிறு குழந்தையின் உடலில் கற்பூரம் அதிகம் சேர்ந்தால் வலிப்பு வரும். சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவது இன்னொன்று. அதில் பேனைக் கொல்லும் சத்து உண்டு என்பது உண்மை. ஆனால் தலையிலிருந்து வழிந்து கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோலைப் புண்ணாக்கிவிடும். கண் மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானது ஆகிவிடாது. மருந்துக் கடையில் கிடைத்ததாலும் ஆகிவிடாது. நெடுங்காலம் பேனுக்கும் சொறிசிரங்குக்கும் எழுதித் தரப்பட்ட லிண்டேனைப் பாருங்கள். நரம்பைத் தாக்கும் அதன் தன்மையும் தண்ணீரில் தேங்கும் தன்மையும் தெரிந்தபின் கலிஃபோர்னியா 2002இல் அதைத் தடை செய்தது. நிலைத்த நச்சுகளை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2009இல் அது சேர்ந்தது.

சீப்புக்குத் திரும்பலாம். இஸ்ரேலில் பண்டைய லாகீஷ் நகரம் இருந்த மேட்டில் 2016இல் ஒரு சிறு தந்தச் சீப்பு கிடைத்தது. ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முந்தையதாக மதிப்பிடப்பட்டிருக்கும் அந்தச் சீப்பில் சில எழுத்துகள் பொறித்திருப்பதை சில ஆண்டுகள் கழித்துத்தான் கவனித்தார்கள். தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் போக்கட்டும் என்ற பொருளில் ஒரு வேண்டுதல். கானானிய அகரவரிசையில் கிடைத்திருக்கும் மிகப் பழைய முழு வாக்கியம் அதுதான் என்கிறார்கள். மனிதர் எழுதக் கற்றதும் முதலில் எழுதிவைத்த சங்கதிகளில் பேனும் ஒன்று என்றால், இதற்காக வெட்கப்படுவதில் பொருளில்லை. சீப்பு முறை இன்றைக்கு ஒழுங்கான கால அட்டவணையோடு வந்திருக்கிறது. முடியை நனைத்துக் கண்டிஷனர் தடவினால் பேன் சற்று நேரம் அசையாமல் நிற்கும். நம் வீடுகளில் கண்டிஷனர் இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொள்ளலாம். சிக்கெடுத்து, முடியைச் சிறு பாகங்களாகப் பிரித்து, பல் நெருக்கமான பேன் சீப்பை மண்டையில் படும்படி அடியிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று நான்கு முறை. பதினேழாம் நாள் ஒரு சோதனை. முதல் நாள் வளர்ந்த பேன்கள் போய்விடும். அன்றைக்கு ஈராக இருந்தவை பொரியப் பொரிய, முட்டையிடும் வயதுக்கு வருமுன்பே மற்ற மூன்று நாள்களில் சீப்பில் வந்துவிடும். இந்த இடைவெளி சடங்குக்காக வைத்ததல்ல. பேனின் வளர்ச்சிக் கணக்கிலிருந்து வந்தது. ஒரு நாளைத் தவறவிட்டால் மொத்த வேலையும் கெடுவது அதனால்தான்.

இந்த வேலையின் விலை நேரம். இடுப்பு வரை அடர்ந்த முடியுள்ள ஒரு பெண்ணுக்கு ஒழுங்காகச் சீவ அரை மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டு மகள்கள், ஒரு தாய் என்று மூன்று தலைகள், நான்கு முறை, ஆறு மணி நேரம். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து சமைப்பவருக்கும், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரவு வரை நிற்பவருக்கும் அந்த ஆறு மணி நேரம் எங்கிருந்து வரும்? திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் தலையை ஒருவர் பார்த்த மத்தியானங்கள் போய்விட்டன. பெண்களின் வேலை நேரம் கூடியதும், கூடவே இருந்த பாட்டியும் சித்தியும் வேறு வீட்டுக்குப் போனதும் அதற்குக் காரணம். வசதியுள்ளவர் காசு கொடுத்துப் புதிய மருந்துகளை வாங்கிக்கொள்கிறார். இல்லாதவர் வீட்டுப் பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போகிறாள். பேன் ஏழையையும் பணக்காரரையும் ஒன்றாகத்தான் பிடிக்கிறது. நீங்குவதில்தான் வேறுபாடு. ஆகவேதான் இதைப் பள்ளியும் சுகாதாரத் துறையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். குடற்புழு நாளைப் போல எல்லாருக்கும் மருந்து கொடுக்க வேண்டியதில்லை. பொதுவாக இருக்க வேண்டியவை இரண்டு: தேதி, சீப்பு. ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரு பள்ளியின் எல்லாப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் ஒரே அட்டவணையும் நல்ல பேன் சீப்பு ஒன்றும் போக வேண்டும். சீவியும் போகாதவர்களுக்கு, உயிருள்ள பேனைக் கண்டவர்களுக்கு மட்டும், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மருந்து. இதற்குத் தமிழ்நாட்டில் முன்மாதிரி இருக்கிறது. மாதவிடாய் அணையாடையைக் காகிதத்தில் சுற்றி ஒளித்து வாங்கிக்கொண்டிருந்த ஊரில், வளரிளம் பெண்களுக்கு அதைப் பள்ளி வழியாகவே இலவசமாகத் தரும் புதுயுகம் திட்டம் வந்தது. எல்லாருக்கும் கிடைக்கும்போது யார் வாங்குகிறார் என்று பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் போனது.

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிறீர்கள் என்பார்கள். உயிருக்கு ஆபத்தில்லாத ஒன்றுக்கு அரசுப் பணமா, ரத்தசோகையும் ஊட்டச்சத்துக் குறைவும் இருக்கும்போது இது தேவையா என்று கேட்பது நியாயமான கேள்விதான். தலைப்பேன் யாரையும் கொல்வதில்லை. ஆனால் இரவெல்லாம் சொறியும் பிள்ளை தூங்குவதில்லை. சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ்பிடிக்கிறது, பின்கழுத்தில் நெறி கட்டுகிறது. தோல்புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சேர்ந்தால் அரிதாகச் சிறுநீரகம்வரை அதன் விளைவு போகும். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டாலும், ஒரு சிறுமி வகுப்பில் நாலு பேர் முன்னால் தலைகுனிவது சின்ன விஷயம் என்று சொல்பவர் அந்த வகுப்பில் அந்தப் பெஞ்சில் உட்காராதவர். செலவோ பெரிதல்ல. ஒரு சீப்பின் விலை சில பத்து ரூபாய். பாடநூல், சீருடை, புத்தகப்பை, காலணி என்று ஏற்கெனவே கொடுக்கும் மாநிலத்துக்கு அந்தப் பைக்குள் இதையும் போடுவது பெரிய பாரமாகாது.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு: பள்ளியைக் கொண்டுவந்தால் அவமானம் கூடத்தானே செய்யும்? தாழ்வாரத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆசிரியை பென்சிலால் முடியை விலக்கிப் பார்த்து, பெயரைக் குறித்துக்கொள்ளும் காட்சியை யாரும் விரும்ப மாட்டார்கள். நானும் அதைக் கேட்கவில்லை. பள்ளியில் வழக்கமாகத் தலையைச் சோதிப்பதால் பேன் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். சோதனை வீட்டில்தான் நடக்க வேண்டும். பள்ளியின் வேலை தேதி சொல்வது, சீப்பு கொடுப்பது, பேனுக்காக எந்தப் பிள்ளையையும் இடம் மாற்றவோ வீட்டுக்கு அனுப்பவோ கூடாது என்று ஆசிரியர்களுக்கு எழுத்தில் சொல்வது. எல்லா வீட்டுக்கும் ஒரே துண்டுச்சீட்டு போனால் எந்த வீடும் சுட்டப்படாது. ஆண் பிள்ளைகளின் வீட்டுக்கும் அது போக வேண்டும். நீண்ட முடியும், நெருங்கி உட்கார்ந்து பேசும் பழக்கமும் பெண் பிள்ளைகளிடம் பேனை அதிகமாக்குகின்றன. ஆனால் கட்டையாக வெட்டிய தலையும் ஒன்றிரண்டு பேனை வைத்திருந்து தங்கைக்குக் கொடுக்கும்.

முடியை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்போருக்கும் சொல்ல வேண்டும். மொட்டையடித்தால் பேன் போகும், மறுப்பதற்கில்லை. ஆனால் இடுப்புச் சடையைத் தோள்வரை வெட்டுவதால் ஒன்றும் ஆகாது. உயிருள்ள ஈர் இருப்பது மண்டையிலிருந்து அரை விரற்கடைக்குள். வெட்டி எறியும் நீளத்தில் வெறும் கூடுகள்தாம் போகும். ஒரு வளரும் பெண்ணை அவள் விருப்பமில்லாமல் மொட்டையடிப்பது சிகிச்சையாகாது, தண்டனை. மாறாக, நம் பள்ளிகள் வலியுறுத்தும் இரட்டைச் சடையும் ரிப்பனும் தற்செயலாக நல்ல வழக்கமாக அமைந்துவிட்டன. இறுகப் பின்னி மடித்துக் கட்டிய முடி அடுத்தவள் தோளில் விழுந்து உரசாது. ஒழுங்குக்காக வந்த விதி, பேனுக்கும் தடையாக நிற்கிறது.

மாத்திரையே கொடுத்துவிடலாமே என்று மருத்துவர்கள் சிலர் கேட்கக்கூடும். ஐவர்மெக்டின் அப்படிப்பட்ட மாத்திரை. அதைக் கண்டுபிடித்த வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் சதோஷி ஓமுராவுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்ற மருந்துகளுக்கு மசியாத பேன் இருந்த குடும்பங்களில் அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது. ஏழு நாள் இடைவெளியில் இரண்டு வேளை கொடுத்ததில், பதினைந்தாம் நாள் 95 சதவீதம் பேரிடம் பேன் இல்லை; மாலத்தியான் தடவியவர்களில் 85 சதவீதம். முடிவு நல்ல முடிவு. ஆனால் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அதைக் கொடுப்பதில்லை, எடைக்கு ஏற்ப அளவைக் கணக்கிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பேன் இல்லாத பிள்ளைக்கும் சேர்த்து ஆண்டுதோறும் விழுங்கவைத்தால் பெர்மெத்ரினுக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும். அது கைவசம் கடைசியாக இருக்க வேண்டிய மருந்து. சீப்புக்குப் பழகிக்கொண்ட பேன் இதுவரை பிறக்கவில்லை.

என்ன செய்தாலும் திரும்ப வந்துவிடும் என்ற சலிப்புக்குப் பதில், ஆம், வரும் என்பதே. அடுத்த ஊர்த் திருவிழாவிலோ, கோடை விடுமுறையில் அத்தை வீட்டில் ஒரே பாயில் படுத்த இரவிலோ வரும். குடற்புழுவும் திரும்ப வருகிறது. அதனால்தான் அந்த மாத்திரையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிறோம். அடியோடு ஒழிப்பதாக வாக்குறுதி தரும் திட்டம் முதல் ஆண்டே தோற்றுப்போகும். வகுப்பில் பத்துப் பேருக்கு இருந்தது இரண்டு பேருக்குக் குறைந்தால், அந்த இரண்டு பேரும் ஒதுக்கப்படாமல் இருந்தால், அது போதுமான வெற்றி. இதை முதலில் செய்துபார்க்கத் தக்க இடம் அரசு மாணவியர் விடுதிகள். நாற்பது ஐம்பது பெண்கள் ஒரே கூடத்தில் அருகருகே படுத்துறங்கும் அந்த இடங்களில் பேன் ஒரு வாரத்தில் கூடம் முழுக்கச் சுற்றிவிடும். ஆனால் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால் எல்லாத் தலைகளையும் ஒரே மாலையில் சீவிவிடவும் முடியும். ஒருவருக்கொருவர் சீவிவிட இரண்டு மணி நேரமும், ஆளுக்கொரு சீப்பும், கூடத்தில் நல்ல வெளிச்சமும் போதும். சோப்புக்கும் எண்ணெய்க்கும் விடுதிகளுக்கு வரும் பணத்தோடு சீப்புக்கும் ஒரு வரி சேர்த்தால் காப்பாளர் தன் கைப்பணத்தைப் போட வேண்டியிராது.

பள்ளிகளுக்கு அட்டவணை போடுவது இன்னும் எளிது. ஜூனில் பள்ளி திறந்து பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து இரண்டு மூன்று வாரம் ஆனபின் வரும் ஒரு சனிக்கிழமையை முதல் நாளாக வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால் ஐந்தாம் நாள் புதன், ஒன்பதாம் நாள் ஞாயிறு, பதின்மூன்றாம் நாள் வியாழன், கடைசிச் சோதனை திங்கட்கிழமை. நான்கில் இரண்டு விடுமுறை நாளில் வந்துவிடுகின்றன. மற்ற இரண்டுக்கும் ஆசிரியர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தப் புதன்கிழமையும் வியாழக்கிழமையும் வீட்டுப்பாடம் கொடுக்காமல் இருக்க வேண்டும்.